பதில் சொல்லாத நிலா

வடபழனி என்றால் சினிமாக்காரர்களுக்கு ஏவி.எம்., பக்தர்களுக்கு முருகன். எனக்கு அது அம்புலிமாமா வந்த ஊர். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் ஆரம்பித்த அந்தப் பத்திரிகை பல வருஷம் இங்கே ஆற்காடு சாலையிலிருந்துதான் வெளியானது. விக்கிரமாதித்தன், வேதாளம் கதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு. பத்திரிகையின் பெயர் மட்டும் வாசிக்கவும் தெரியாத, பேசவும் தெரியாத குழந்தையின் உலகத்திலிருந்து எடுத்தது. இடுப்பில் குழந்தை, கையில் சோற்றுக் கிண்ணம், மேலே நிலா. அந்த நேரத்துச் சொல் அது. நிலாவை ஏன் மாமா ஆக்கினார்கள் என்று என்னைக் கேட்டால், ஒன்றுதான் சொல்வேன். அம்மாவோடு பிறந்தவன் ஆக்கிவிட்டால் உரிமையோடு கூப்பிடலாம். வரவில்லை என்றால் திட்டவும் செய்யலாம்.

அந்தத் திட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கைக்குழந்தைக்கு "சந்தோஷமாகக் கற்றுக்கொடுப்பது" என்ற பெயரில் இன்றைக்கு விற்கிற ஒரு சரக்கையும், ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாடப்பட்ட ஒரு நூலின் சில பதிகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பொருந்தாத ஜோடி என்று தோன்றும். வாசித்து முடித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரக்கு என்றது ஒரு படஅட்டைப் பெட்டியை. வடபழனியில் குடியிருக்கும் என் தங்கை மகள் தன் எட்டு மாதக் குழந்தைக்கு வாங்கியது. "மாமா, நீங்கதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பீங்களே, இது தேறுமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கொடுத்தாள். பெயர் வேண்டாம். பத்துப் பதினைந்து கம்பெனிகள் இதே மாதிரிதான் போடுகின்றன. பழம், காய்கறி, மிருகம், வாகனம், நாட்டுக் கொடி என்று கட்டுக் கட்டாக அட்டை. அட்டைக்கு ஒரு படம், சுற்றிலும் வெள்ளை, அடியில் ஆங்கிலப் பெயர். கூடவே ஒரு செய்முறைத் தாள். அட்டையை மளமளவென்று மாற்றிக் காட்ட வேண்டும், ஒன்றுக்கு ஒரு விநாடி போதும், குழந்தையைக் கேள்வி கேட்டுச் சோதிக்கக் கூடாது, எல்லாம் உற்சாகமான குரலில் இருக்க வேண்டும்.

இந்த முறையின் மூலம் அமெரிக்கர் கிளென் டோமன். கைக்குழந்தைக்கு வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி என்ற அவருடைய புத்தகம் 1964இல் வந்தது. அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். கட்டாயப்படுத்தாதே, குழந்தைக்கு அலுக்கும் முன்னால் நிறுத்து, சிரித்துக்கொண்டு செய் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடுமையான வாத்தியார் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் முழுக்க முழுக்கக் காட்டுகிறவரின் முகபாவம். பார்க்கிற குழந்தைக்கு அதில் என்ன வேலை என்று தாளை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். பார்ப்பதுதான் வேலை. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன், இது என் தொழில்புத்தி. பெட்டி முழுக்கப் பெயர்ச்சொல். ஒரு வினைச்சொல் கிடையாது. நம் வீட்டில் ஒரு வயதுக் குழந்தையின் வாயில் முதலில் வருகிறதும், அதனிடம் நாம் சொல்கிறதும் என்ன? தா, வா, இந்தா, போச்சு, இல்ல, வேணாம். எல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற காரியங்கள். "தா" என்ற சொல்லை அட்டையில் படமாகப் போட முடியாது. போட முடியாதது பாடத்திட்டத்திலிருந்தே விழுந்துவிட்டது.

இப்போது இரண்டாவது நூலுக்கு வருகிறேன். பெரியாழ்வார் திருமொழியின் ஆரம்பப் பதிகங்கள் கண்ணன் பிறந்ததிலிருந்து தொடங்கி, தாலாட்டு, நிலாவை அழைப்பது, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அச்சோ, புறம் புல்குதல், அப்பூச்சி என்று போகின்றன. பின்னால் பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனி இலக்கிய வகையே வந்தபோது, அதற்கு வித்து இவர்தான் என்று இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். சொல்லிவிட்டு உடனே பக்தி, தாய்மை பாவம், அவதார லீலை என்று போய்விடும். தப்பில்லை. ஆனால் பதிகங்களின் பெயர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலையைத் தூக்கி ஆடுவது செங்கீரை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. விழுந்து எழுந்து நடப்பது தளர்நடை. அச்சோ, ஓடி வந்து கட்டிக்கொள்ளச் சொல்லும் அழைப்பு. பெட்டியில் இல்லாதது அத்தனையும் இங்கே இருக்கிறது. எல்லாம் வினை. அதிலும் குழந்தை செய்ய வேண்டிய வினை. பாட்டு அம்மாவுடையது. ஆனால் அடி முடிகிற இடத்தில் ஒரு காலியிடம் விட்டு, அங்கே குழந்தை ஏதோ ஒன்று செய்யக் காத்திருக்கிறது.

நிலாப் பதிகத்துக்கு வருவோம். முதல் பாட்டிலேயே குழந்தை தவழ்கிறது. நெற்றிச்சுட்டி ஆட, காலில் கிண்கிணி ஒலிக்க, தெருப்புழுதியை அளைகிறது. அம்மா நிலாவிடம் சொல்கிறாள்: உனக்கு முகத்தில் கண் என்று ஒன்று இருந்தால் என் பிள்ளை பண்ணுகிற கூத்தை இங்கே பார்த்துவிட்டுப் போ. பிறகு, அவன் தன் சின்னக் கையால் உன்னைச் சுட்டிச் சுட்டிக் காட்டிக் கூப்பிடுகிறான், அவனோடு விளையாட ஆசையிருந்தால் மேகத்துக்குள் ஒளியாமல் வா என்கிறாள். அப்புறம் வருகிறது அந்த இடம். வாயெல்லாம் எச்சில் ஊற, தெளியாத மழலையில் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், நீ பாட்டுக்குப் போனால் உன் காதில் துளையே இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டுவிடுகிறாள்.

இதை நான் பல தடவை படித்தும், உரைகளில் பார்த்தும், வெறும் செல்லக் கோபம் என்றே கடந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை பக்கத்தில் பெட்டி இருந்தது. அதனால் கேள்வி வேறு மாதிரி விழுந்தது. வானத்தில் ஒரு பிரகாசமான வட்டம். குழந்தைக்கு அதன் மேல் கண். அது அழகாக இருக்கிறது, நகர்கிறது, எட்டாது. அம்மாவுக்கு அதன் அழகில் குறை எதுவும் இல்லை. அவள் சுமத்துகிற குற்றம் இரண்டு: அதற்குப் பார்க்கக் கண் இல்லை, கேட்கக் காது இல்லை. குழந்தை பேசுகிறது, அது பதில் பேசவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒருத்தி இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

நிலா பேசாது என்பதால் அங்கே என்ன நடக்கிறது என்றால், இடையில் அவள் பேசுகிறாள். குழந்தை கை நீட்டியதை அவள் பார்த்தாள். அந்த மழலை ஒரு அழைப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். நிலாவின் சார்பாகவும் பிள்ளையின் சார்பாகவும் சண்டை போட்டாள். குழந்தை, நிலா, அம்மா என்று மூன்று முனை. இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்ப்பதும், பார்க்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துகொள்வதும் பேச்சுக்கு அடித்தளம் என்று குழந்தை உளவியல்காரர்கள் சொல்கிறார்கள். குழந்தை விரல் நீட்டிக் காட்டத் தொடங்குவது ஏறத்தாழ ஒரு வயதை ஒட்டி. பெரியாழ்வார் இந்தப் பதிகத்தைத் தாலாட்டுக்கு அடுத்தே வைத்துவிட்டார். பிற்காலப் பிள்ளைத்தமிழ் மரபு அதை ஏழாம் பருவமாக, தளர்நடைக் குழந்தையை அழைக்கும் வருகைப் பருவத்துக்கும் பின்னால் கொண்டுபோனது. இந்த ஒரு விஷயத்தில் இலக்கணக்காரர்கள் ஆழ்வாரைவிடக் குழந்தையை ஒட்டி நிற்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இலக்கணக்காரர்களைப் பற்றி வேறு எதுவும் புகழ்ந்து சொல்ல மாட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பாட வேண்டும் என்று பாட்டியல் நூல்களில் கணக்கு இருக்கிறது. பத்துப் பருவம், பத்து பத்துப் பாட்டு. முதல் ஏழு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதன் பிறகு பையனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்ணுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று கடை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பொம்மைக் கடையில் நீலம் ஒரு பக்கம், ரோஸ் ஒரு பக்கம் என்று அடுக்கி வைப்பதற்கு நாம் வெள்ளைக்காரனைக் குறை சொல்ல முடியாது.

பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை மேல் பாடும்போது அம்புலிப் பருவம் என்னவாகிவிட்டது என்று பாருங்கள். சாமம், தானம், பேதம், தண்டம் என்று நான்கு உபாயம். உனக்கும் கலை உண்டு, இவளுக்கும் கலை உண்டு என்ற மாதிரிச் சிலேடை. அம்புலி பாடுவது புலி என்று தமிழாசிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள், அவ்வளவு கஷ்டம். குமரகுருபரர் அந்தப் புலியை அடக்கியவர், சந்தேகமே இல்லை. வருகைப் பருவத்தில் அவர் போகிற உயரம் வேறு யாரும் போகாதது. ஆனால் அந்த அம்புலியில் குழந்தையின் எச்சில் இல்லை. நிலாவோடு வாதம் செய்கிற வழக்கறிஞர் இருக்கிறார், இடுப்பில் பிள்ளை இல்லை. அதன் பிறகு மன்னர், மடாதிபதி, அரசியல் தலைவர் என்று ஆளுக்கு ஒரு பிள்ளைத்தமிழ் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். எழுபது வயதுத் தலைவரைச் சப்பாணி கொட்டச் சொல்லும்போது பருவம் வெறும் அட்டவணைத் தலைப்பாகிவிடுகிறது. நம் படஅட்டைப் பெட்டியும் ஒரு வகையில் இந்தப் பிற்காலப் பிள்ளைத்தமிழ்தான். வகைபிரிப்பு கச்சிதம், குழந்தை ஒரு சாக்கு.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். பெரியாழ்வாரும் வீட்டுக் குழந்தைக்காகப் பாடவில்லையே. அவர் பாடியது கடவுளுக்கு. கேட்டவர்கள் பெரியவர்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து குழந்தை வளர்ப்பு நூலாக வாசிப்பது அத்துமீறல் இல்லையா? ஓரளவு அத்துமீறல்தான். ஆனால் அவர் இந்த அசைவுகளைக் கற்பனையில் உண்டாக்கவில்லை. கண்ட வீடுகளிலிருந்து எடுத்திருக்கிறார். எழுத்தில் ஏறாத அந்த வீட்டு விளையாட்டு இன்னும் சாகவில்லை என்பதால் இதை நான் தைரியமாகச் சொல்கிறேன்.

வடபழனி கோயில் மண்டபத்தில் கூட்டம் இல்லாத ஒரு மதியம், ஒரு பாட்டி பேரக்குழந்தையின் கையைப் பிடித்துப் பருப்புக் கடைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். உங்களில் பெரும்பாலோருக்கு இந்த விளையாட்டு நடந்திருக்கும், நினைவில் இருக்காது, அவ்வளவு சின்ன வயசு. குழந்தையின் உள்ளங்கை சட்டி. பெரியவரின் முழங்கை மத்து. கடைந்து முடித்ததும் விரல் விரலாக மடக்கிப் பங்கு வைக்க வேண்டும். அம்மாவுக்கு இவ்வளவு, அப்பாவுக்கு இவ்வளவு, தாத்தாவுக்கு, அத்தைக்கு. வீட்டில் யார் யார் உண்டோ அவர்கள் எல்லாம் ஒரு விரலில் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மெள்ள மெள்ள ஊர்ந்து மேலே ஏறும். முழங்கையில் கொஞ்சம் நிற்கும். அப்புறம் அக்குளில் கிச்சுகிச்சு.

நான் தமிழில் படித்த பிரதிகளிலேயே கட்டமைப்பில் இதற்கு இணையானவை குறைவு. மிகையாகச் சொல்லவில்லை. முதல் பகுதி தொடுதல், சீரான தாளம். இரண்டாம் பகுதி எண்ணிக்கையும் உறவுப் பெயரும். ஐந்து விரலுக்குள் குடும்பம். மூன்றாம் பகுதி தாமதம். நண்டு முழங்கையில் நிற்கிறதே, அந்த இடம்தான் உயிர். அங்கே பாட்டி பாட்டை நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். குழந்தை, கிச்சுகிச்சு வருமுன்னே, உடம்பைக் குறுக்கிக்கொண்டு சிரித்தது. அடுத்து வரப்போவது என்ன என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததற்குத்தான் அந்தச் சிரிப்பு. முடிந்ததும் கையைத் திரும்ப நீட்டியது. மறுபடி செய் என்பதைச் சொல்ல அதற்கு வாய் வரவில்லை, கை வந்தது. பாட்டி வேண்டுமென்றே கவனிக்காத மாதிரி இருந்தாள். குழந்தை கையை அவள் மடியில் கொண்டுபோய் வைத்தது.

அந்த இரண்டு நிமிஷத்தில் கற்றல் எது, சந்தோஷம் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்டிக்காரர்கள் பிரிக்கிறார்கள். பாடம் என்பது கசப்பு மாத்திரை, மேலே கலர், மியூசிக், சிரித்த முகம் என்று சர்க்கரை பூசினால் குழந்தை விழுங்கிவிடும் என்ற எண்ணம் அது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு என்றால் அந்தச் சர்க்கரை ஓரளவு வேலை செய்யலாம். எட்டு மாதத்தில் கசப்பே கிடையாது, பூசுவதற்கு. தான் ஒன்று செய்தால் எதிரில் இருப்பவரிடம் ஒன்று நடக்கிறது என்று கண்டுபிடிப்பதே அந்த வயதின் இன்பம்.

இதைப் பாட்டியும் ஆழ்வாரும் சொன்னால் போதுமா என்று கேட்பவர்களுக்காகச் சில ஆய்வுகள். 2003இல் சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழு, ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீனமொழி கேட்க வைத்தது. 12 அமர்வுகள். ஒரு பிரிவுக்கு நேரில் ஆட்கள் வந்து விளையாடிப் பேசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. வீடியோக் குழந்தைகள் ஒன்றுமே கேட்காத குழந்தைகளைவிட ஒரு படி ஏறவில்லை. பேச்சு ஒன்றுதான். காதுதான் இல்லை, எதிர்ப்பக்கத்தில்.

2010இல் ஜூடி டிலோச் குழு, குழந்தைகளுக்குச் சொல் கற்பிப்பதாக விற்கப்பட்ட ஒரு வீடியோவை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே நான்கு வாரம் போட்டுக் காட்டச் சொன்னது. பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் சமம். அதிகச் சொல் கற்றது, வீடியோவே இல்லாமல் அதே சொற்களைப் பெற்றோர் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்த குழந்தைகள். 2014இல் சூசன் நியூமன் குழு 117 குழந்தைகளை வைத்து, வாசிக்கக் கற்றுத்தரும் வீடியோ, படஅட்டை, சொற்புத்தகம் கொண்ட ஒரு முழுத் தொகுப்பை ஏழு மாதம் சோதித்தது. 14 அளவைகளில் 13இல் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காட்டிய அந்த ஒன்று எது தெரியுமா? குழந்தை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது என்ற பெற்றோரின் நம்பிக்கை. இந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. பெட்டியின் உண்மையான வாசகர் யார் என்பது அதில் இருக்கிறது.

இன்னொரு சோதனையைப் பார்ப்பது சங்கடம். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்தது. அம்மா குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருப்பாள். திடீரென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கோபமில்லை, ஒன்றுமில்லை, சும்மா. குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரியாழ்வாரின் நிலாவிடம் அந்தக் குழந்தை செய்ததும் இதுதான். அங்கே பக்கத்தில் அம்மா இருந்தாள்.

சில நிகழ்ச்சிகளில் பாத்திரம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது, உண்மை. மூன்று நான்கு வயதுக்கு அதனால் பயனும் உண்டு. ஆனால் அந்த நிற்றல் உலகம் முழுக்க ஒரே அளவு. மண்டபத்துப் பாட்டி முழங்கையில் நின்றது அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து. அது சிரிக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

திரை என்றாலே விஷம் என்றும் நான் சொல்லவில்லை. 2016இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18 மாதம் வரை திரை வேண்டாம் என்றபோது வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2021இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயது வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எப்போதாவது உறவினரோடு வீடியோ அழைப்பு என்றால் சரி என்றது. இது வெறும் கருணை இல்லை. 2014இல் வந்த ஒரு ஆய்வில் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் பதிவு செய்த வீடியோவிலிருந்து புதிய வினைச்சொல்லைக் கற்கவில்லை, ஸ்கைப்பில் நேரடியாகப் பேசியவரிடமிருந்து கற்றார்கள். அதே கண்ணாடிதான். ஒன்று பதில் சொல்லும் நிலா, மற்றது சொல்லாத நிலா. நியூ ஜெர்சியிலிருந்து பேத்தியோடு பேசுகிற வடபழனித் தாத்தா தன் கையில் நண்டு விட்டுக் காட்டலாம். கிச்சுகிச்சு மூட்ட மட்டும் அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும்.

என் தங்கை மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது நியாயமான கேள்வி. "காலைல ஏழு மணிக்குக் குக்கர் வைக்கணும், ஒன்பதுக்கு லாகின் பண்ணணும். பாட்டி எங்க மாமா இருக்காங்க, கையில நண்டு விட?" இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மாதிரிக் கட்டுரை எழுதுகிறவர்கள் பலர். கடைசியில் குற்றம் முழுக்க ஒரு பெண்ணின் தலையில் போய் விழும். அந்தக் காலத்தில் ஒரு குழந்தைக்குப் பத்துக் கை இருந்தது. இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் இரண்டு கைதான், அதுவும் லேப்டாப்பில். குக்கர் விசில் அடங்குகிற வரை போனில் பாட்டுப் போட்டுவிட்டுப் போனால் குழந்தை கெட்டுவிடாது. அது அவளுக்கான இடைவேளை. இடைவேளை என்றே அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அதையே கல்வி என்று ஒருவன் அவளுக்கு விற்கும்போதுதான் எனக்கு எரிச்சல். ஏனென்றால் அப்போது அவள் குக்கரை அணைத்துவிட்டு வந்து, கிடைத்த பத்து நிமிஷத்தையும் விநாடிக்கு ஒன்றாக நாட்டுக் கொடி காட்டுவதில் செலவழிப்பாள். பிள்ளை கையை நீட்டினால், "இரும்மா, இன்னும் முப்பது கார்டு இருக்கு" என்பாள். நீட்டிய கைதான் பாடம் என்று பெட்டியில் எங்கும் எழுதவில்லை.

அரசாங்கம் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறப்பிலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளோடு என்னென்ன செய்யலாம் என்று 2024இல் ஒன்றிய மகளிர், குழந்தைகள் நலத்துறை நவ்சேத்தனா என்ற சட்டகத்தை வெளியிட்டது. மாதவாரியாக 36 மாதத்துக்கு. பாட்டியல்காரர்கள் 21 மாதத்தோடு நிறுத்திக்கொண்டதை அது நீட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கன்வாடிப் பணியாளர் கையில் இருக்கிற பதிவேடுகளோடு இதையும் சேர்த்தால் அவர் எந்த மடியில் எந்தக் குழந்தையை வைத்துச் செய்வார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெட்டியை என்ன செய்யலாம் என்றால், தூக்கிப் போட வேண்டியதில்லை. அட்டை நல்ல கெட்டி. ஒன்றை முகத்துக்கு முன்னால் வைத்து மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் எட்டு மாதக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். படத்தில் என்ன இருந்தாலும் பரவாயில்லை. ஜெரோம் ப்ரூனர் 1970களில் இந்த ஒளிந்து பார்க்கிற விளையாட்டை மாதக்கணக்கில் கவனித்து எழுதினார். முதலில் ஒளிகிறவர் அம்மா, குழந்தை பார்வையாளர். விதி பிடிபட்டதும் மெதுவாக ஆள் மாறுகிறது. குழந்தை ஒளிகிறது, அம்மா தேடுகிறாள்.

பெரியாழ்வாரின் பதிக வரிசையில் எனக்கு இப்போது மிகவும் பிடித்தது அந்த ஆள்மாற்றம். உரைகளில் இதை யாரும் வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. செங்கீரையிலும் சப்பாணியிலும் வினைமுற்று ஏவல், அல்லது வேண்டுகோள். ஆடு, கொட்டு. தளர்நடையில் அது கேள்வியாகிறது, நடந்து வருவானோ என்று. புறம் புல்குதலுக்கு வரும்போது ஏவலும் இல்லை, கேள்வியும் இல்லை. அம்மா வேறு வேலையாக இருக்கிறாள். யாரும் கூப்பிடாமலே பிள்ளை பின்னாலிருந்து ஓடி வந்து முதுகைக் கட்டிக்கொள்கிறது. அவள் செய்தி மட்டும் சொல்கிறாள். அடுத்தது அப்பூச்சி, பயமுறுத்தும் விளையாட்டு. நேற்று வரை கைகொட்டச் சொல்லிக் கெஞ்சியவர்கள் இப்போது அலறுகிறார்கள். சங்கும் சக்கரமும் ஏந்திய உருவத்தைக் காட்டி அவன் அவர்களுக்குப் பூச்சி காட்டுகிறான்.